அருவிக்கரையில் ஒரு வாசகர் சந்திப்பு

சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலம் நூலகத்தில் கூட்டம் போடலாம் என்று ஜெயசித்ரா சொன்னதும் நாகராஜன் எழுந்து வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"மேடம், சீசன்ல குளிக்கதுக்கு வருவான், திங்கதுக்கு வருவான். படிக்கதுக்கு எவன் வருவான்?"

நாகராஜன் வாசகர் வட்டத் தலைவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ் வைத்திருக்கிறார். நூலகத்தில் கிடக்கும் நாற்காலிகளில் பாதி அவர் வாங்கிக் கொடுத்தது. நல்ல மனுஷர்தான். ஆனால் மைக்கைக் கையில் பிடித்தால் கீழே வைக்க மாட்டார். இதுவரை நடந்த கூட்டங்கள் எல்லாமே ஒரே மாதிரிதான். ஒரு படத்துக்கு மாலை, நாகராஜனின் பேச்சு, அப்புறம் மிக்சரும் டீயும். பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள் நாலைந்து பேர் அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள்.

நூலகர் ஜெயசித்ரா தினமும் தென்காசியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறவள். இந்த முறை அவள் மனதில் இருந்தது பின்அறைப் பிள்ளைகள். பண்பொழி, இலஞ்சி, புளியறை என்று பல ஊர்களிலிருந்து வந்து காவலர் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள். காலையில் வந்தால் சாயங்காலம் வரை இருப்பார்கள். மத்தியானம் ஒருத்தி டிபன்பாக்சில் இன்னொருத்தி கைவைத்துச் சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்டுப் பதில் சொல்லுவார்கள். ஒருநாள் புளியறை ஜெயபிரியா புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "எக்கா, பாஸ் ஆயிட்டா அதுக்கப்புறம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். மற்ற பிள்ளைகளும் நிமிர்ந்து ஜெயசித்ராவைப் பார்த்தார்கள். போலீஸ் வேலை பார்க்கிற பெண் ஒருத்தியோடும் அவர்கள் யாரும் பேசியதில்லை.

ஜெயசித்ராவுக்கு அப்படி ஒருத்தியைத் தெரியும். முத்துச்செல்வி. இதே அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தவள், இப்போது குற்றாலத்திலேயே கான்ஸ்டபிள். போன் போட்டதும், "நீங்க கூப்பிட்டு வராம இருப்பனாக்கா?" என்றாள்.

ஜெயசித்ரா வாசல் போர்டில் கலர் சாக்பீஸால் எழுதினாள்: 'நூலக நிகழ்ச்சி. ஞாயிறு காலை. காவலர் முத்துச்செல்வியுடன் வாசகர் சந்திப்பு. அனைவரும் வருக.' அதையே படம் பிடித்து 'நூலகச் செய்திகள்' வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள். நாகராஜன் அனுப்பும் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அதற்கும் இரண்டு கட்டைவிரல் விழுந்தது. ஜெயபிரியா மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: 'எங்க அப்பாவும் வாறாங்களாம் அக்கா. பயமா இருக்கு.'

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஏதோ ஆபீஸ் வேலைக்குப் படிக்கிறாள் என்றுதான் அவள் அப்பா பரமசிவன் இதுவரை நினைத்திருந்தார். போலீஸ் தேர்வு என்று போன வாரம்தான் தெரிந்தது. புளியறை செக்போஸ்ட் பக்கம் டீயும் தோசையும் போடுகிற கடை அவருடையது. லாரிக்காரர்கள் போலீசிடம் சத்தம் போடுவதும் அவர்கள் வெயிலிலும் மழையிலும் ரோட்டில் நிற்பதும் அவர் தினமும் பார்க்கிற காட்சி. "என் மவ அங்கன போய் நிக்கதுக்கா இவ்வளவு படிச்சா?" என்று கேட்டுவிட்டு ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறார். அப்புறம்தான், அந்தப் பெண் பேசுவதைத் தானே நேரில் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை ராத்திரி மலையில் நல்ல மழை. ஞாயிறு காலையில் ஜெயசித்ரா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே போன் வந்தது.

"எக்கா, பேரருவியில வெள்ளம். குளிக்கத் தடை போட்டாச்சு. எல்லாருக்கும் பந்தோபஸ்து டூட்டி. நான் வர முடியாதுக்கா, கோவிச்சுக்கிடாதிய." பின்னால் விசில் சத்தமும் தண்ணீர் இரைச்சலும் கேட்டன. ஜெயசித்ரா ஏதோ சொல்வதற்குள் போன் கட்டாகிவிட்டது.

நூலகத்துக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பரமசிவன் ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு மகளுக்குப் பின்னால், கடைக்கணக்குப் பார்க்க வந்த ஆள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஜெயபிரியா முகம் விழுந்துபோயிற்று.

நாகராஜன் மட்டும் கலங்கவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தார். "அதனால என்ன மேடம்? 'வாசிப்பும் வாழ்வும்'னு நம்மகிட்ட ஒரு தலைப்பு இருக்கு. ஒண்ணரை மணி நேரம் தாராளமா போவும்."

பரமசிவன் எழுந்துவிட்டார். "அப்ப அந்தப் பிள்ள வரமாட்டாங்க. சரிம்மா, நாங்க கெளம்புதோம். கடைய வீட்டுக்காரி மட்டும் பாத்துக்கிட்டு இருக்கா."

இப்போது அவரை விட்டால் இன்னொரு தடவை வர மாட்டார் என்று ஜெயசித்ராவுக்குத் தெரிந்தது.

"அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க. அவதான் இங்கன வர முடியாது. நாம அங்கன போவோம்."

"அருவிக்கா?"

"நடந்துபோற தூரந்தான? ஏட்டி, எல்லாரும் குடைய எடுங்க. நாகராஜண்ணாச்சி, நூலகத்தக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

நாகராஜன் மைக்கோடு காலி நாற்காலிகளைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

பேரருவியின் சத்தம் கடைத்தெருவிலேயே நெஞ்சில் அதிர்ந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர் பாதுகாப்பு வளைவையும் தாண்டி எட்டி விழுந்துகொண்டிருந்தது. தோளில் துண்டும் தலையில் எண்ணெயுமாக ஆட்கள் தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றார்கள். மழைக்கோட்டும் தொப்பியுமாக முத்துச்செல்வி கம்பிக்கு இந்தப்பக்கம் நின்றிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. ஆனால் பேச முடியவில்லை. அவளுக்கு முன்னால் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ தூரத்துலேர்ந்து வேன் புடிச்சு வந்திருக்கோம் தெரியுமா? ஓரமா நின்னு ரெண்டு நிமிஷம் நனைஞ்சுட்டுப் போறோம்னா விட மாட்டியா? உன் வயசு என்ன, எனக்குச் சட்டம் சொல்ல வந்துட்ட? யூனிஃபார்ம் போட்டா பெரிய இதுவா நீ?"

பரமசிவன் மகளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என்று வாயால் கேட்கவில்லை. ஜெயபிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார், தண்ணியில கல்லு, கட்டை எல்லாம் வருது. ஓரம் நடுன்னு ஒண்ணும் கெடையாது. யாரையும் விட முடியாது." முத்துச்செல்வியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கத்தியவரின் இடுப்பளவு உயரத்தில் ஒரு சின்னப் பெண் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றது. "பாப்பா நடுங்குது பாருங்க சார். முதல்ல எங்கயாவது உக்கார வைங்க."

"எங்க உக்கார வைக்கிறது? ரூமெல்லாம் ஃபுல்லு." இதைச் சொன்னது அவர் மனைவி. கொஞ்சம் தயங்கி, "பாப்பாவுக்கு பாத்ரூம் வேற போகணும். எங்க பார்த்தாலும் கியூ" என்றாள்.

ஜெயசித்ரா முன்னால் வந்தாள். "நம்ம லைப்ரரிக்குப் போங்கம்மா. பக்கந்தான். பாத்ரூம் இருக்கு, சின்னப் பிள்ளைகளுக்குப் படம்போட்ட புக் இருக்கு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அவள் நினைத்தது அந்த ஒரு குடும்பத்தைத்தான். ஆனால் முத்துச்செல்வி உடனே கைமைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். "பொதுமக்கள் கவனத்துக்கு. தண்ணி குறையுற வரைக்கும் குளிக்க அனுமதி இல்லை. குழந்தைகளோட வந்திருக்கவங்க நூலகத்துல போய் உக்காரலாம். வழி கேட்டா கடைக்காரங்க சொல்லுவாங்க. குழந்தைகளோட வந்திருக்கவங்க…"

கூட்டம் கம்பியை விட்டுக் கலைந்து திரும்ப ஆரம்பித்தது. ஜெயசித்ரா பதறிப்போய் நாகராஜனைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஆள் வருது."

"எத்தன பேரு?"

"தெரியல. ரெண்டு கதவையும் தெறந்து வைங்க."

கூட்டம் குறைந்ததும் ஏட்டையா ஒருவர் முத்துச்செல்வியிடம் வந்தார். "நான் நிக்கேன். நீ காலைலேருந்து நிக்க, போய்ப் பத்து நிமிஷம் உக்காரு" என்று அனுப்பிவைத்தார். சாத்தியிருந்த ஒரு பழக்கடையின் தார்ப்பாய்க்குக் கீழே பிள்ளைகள் அவளைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ட்ரெயினிங் எப்படி, லீவு கிடைக்குமா, முடியை வெட்டச் சொல்வார்களா என்று ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் முத்துச்செல்வி மறைக்காமல் பதில் சொன்னாள். லீவைப் பற்றிச் சொன்னபோது மட்டும் சிரித்தாள்.

பரமசிவன் கடைசியில்தான் வாய் திறந்தார். "ஏம்மா, அந்த ஆளு அப்படிப் பேசுனானே. ஒனக்குக் கோவம் வரலையா?"

"வந்துச்சு அண்ணாச்சி. வராம எப்படி?" முத்துச்செல்வி தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினாள். "முதல் மாசம் வீட்டுக்குப் போய் அழுதுருக்கேன். எங்கம்மா, வேணாம்ட்டி, விட்டுட்டு வந்துருன்னா."

"பெறவு?"

"மறுநாள் காலைல எந்திரிச்சு வந்துட்டேன். எங்க ஊருப் பொம்பளைங்க ஸ்டேஷன் வாசப்படி ஏறவே பயப்படுவாவ. இப்ப 'முத்து டூட்டியில இருக்காளா'ன்னு போன்ல கேட்டுட்டு வாறாவ. ரெண்டு பேருக்கு நானே கூட இருந்து புகார் எழுதிக் கொடுத்துருக்கேன். அந்த ஆளு பேசுனது நாளைக்கு மறந்துரும் அண்ணாச்சி. இது மறக்காது."

பரமசிவன் அவளுடைய நனைந்த மழைக்கோட்டைப் பார்த்தார். அப்புறம், "காலைல சாப்ட்டியாம்மா?" என்றார்.

"இனிமேதான்."

அவர் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று ஜெயபிரியா எட்டி எட்டிப் பார்த்தாள். பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு முத்துச்செல்வியிடம் உடல்தகுதித் தேர்வு பற்றிய தன் சந்தேகத்தைக் கேட்டாள்.

"எக்கா, ஓட்டம் வந்துரும். நீளம் தாண்டுததுதான் வர மாட்டேங்குது."

"எங்கன ஓடுத?"

"ரோட்டோரமா. விடியக்காலம் பால் வாங்கப் போவும்போது."

"பால் வாங்கப் போவும்போதா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. ஒரு கையில் டீ, இன்னொரு கையில் வாழைக்காய் பஜ்ஜிப் பொட்டலத்தோடு பரமசிவன் நின்றிருந்தார். "அதான் தூக்குச்சட்டியில பாலு பாதி சிந்தி வருதா? நான் அந்தப் பால்காரனயில்லா ஏசிக்கிட்டு இருக்கேன்!"

ஜெயபிரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். பரமசிவனுக்கும் உதட்டோரம் இழுத்துக்கொண்டது. டீயை முத்துச்செல்வியிடம் நீட்டினார். "குடிம்மா. டீ சுமார்தான். புளியறைப் பக்கம் வந்தா நம்ம கடையில நல்ல டீ தாறேன்."

முத்துச்செல்வி நின்றபடியே குடித்தாள். "தாண்டுததுக்கு மணல் வேணும்ட்டி. ரோட்டுல தாண்டுனா முட்டிதான் போவும். அடுத்த மாசம் எனக்கு ஒரு ஞாயித்துக்கெழம லீவு வருது. கிரவுண்டுக்கு வந்தா எல்லாருக்கும் சொல்லித் தாறேன்."

"அதயே அடுத்த மாச நிகழ்ச்சியா வச்சிருதேன்" என்றாள் ஜெயசித்ரா.

அவர்கள் திரும்பி வந்தபோது நூலக வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஜன்னல் கம்பிகளில் ஈரத்துண்டுகள் தொங்கின. புத்தகமெல்லாம் என்ன ஆயிற்றோ என்று ஜெயசித்ராவுக்குப் பகீரென்றது. உள்ளே ஓடினாள். பெரியவர்கள் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் அலமாரிக்குப் பக்கத்தில் வட்டமாகத் தரையில் இருந்தார்கள். நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாகராஜன், நாலு காலில், கரடியாக உறுமிக்கொண்டிருந்தார். மைக் மேஜை மேல் கிடந்தது.

அருவியில் கத்திய அந்த மனிதர் எழுந்து வந்தார். "மேடம், அந்தப் போலீஸ் பொண்ணைப் பார்த்தா… நான் கொஞ்சம் அதிகமா பேசிட்டேன்னு சொல்லிடுங்க" என்றார். பிறகு மகளைக் காட்டி, "ஐயா சொல்ற கரடிக்கதை எந்த புக்குல இருக்குன்னு பாப்பா கேக்குறா" என்றார்.

"எந்த புக்குலயும் இல்ல சார்!" நாகராஜன் தரையிலிருந்தே பதில் சொன்னார். "இப்பதான் உண்டாயிக்கிட்டு இருக்கு. மேடம், அடுத்த ஞாயிறும் இத வச்சிக்கிடுவோமா? சீசன் முடியுற மட்டும் வாராவாரம் வைப்போம்."

மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குறைந்து, தடை நீங்கிவிட்டது என்று செய்தி வந்தது. பெரியவர்கள் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். பாதிக் குழந்தைகளைக் கெஞ்சித்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

மழை விட்டிருந்தது. ஜெயசித்ரா வாசல் போர்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தாள். 'ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குக் கதை: நாகராஜன்.' அதற்குக் கீழே, 'அடுத்த மாதம்: பெண்களுக்கு ஓட்டம், நீளம் தாண்டும் பயிற்சி. நடத்துபவர் காவலர் முத்துச்செல்வி. காலை ஆறு மணி.'

மகளோடு கிளம்பி நின்ற பரமசிவன் ஒவ்வொரு வரியாகப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அந்நேரத்துக்குப் புளியறையிலேருந்து பஸ் கெடையாது மேடம்."

ஜெயபிரியா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் பைக்குல கொண்டாந்து விடுதேன். ஆனா இவள விட்டுட்டுத் திரும்பிப் போய் நான் கடை தெறக்கணும்லா? லாரிக்காரன் காத்துக்கிட்டு நிப்பான். கொஞ்சம் முன்னாடி வைக்க முடியுமா?"

ஜெயசித்ரா 'ஆறு' என்பதைக் கைவிரலால் அழித்துவிட்டு, 'ஐந்தரை' என்று எழுதினாள்.