விரல்கள் வளரும் பெண்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். கோபத்தில் எழுதுவதால் நியாயம் தவறிவிடுமோ என்ற சந்தேகமும் இருக்கிறது.

மாலை வகுப்பில் நாங்கள் ஒரு சின்னப் பேய்ப்படம் எடுக்கிறோம். கதையும் இயக்கமும் நான். என் தங்கை ரோவீனாவுக்குப் பதிமூன்று வயது. இந்தக் கோடையில் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டாள். அவளுடைய பள்ளியில் பெண்கள் கைகளைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும். ஷார்ட்ஸின் விளிம்பு விரல் நுனிக்கு மேலே இருந்தால் தப்பு. ரோவீனாவுக்குக் கை நீளம். கடையில் கிடைக்கும் எந்த ஷார்ட்ஸும் அவள் விரலை எட்டாது. போன மாதம் துணை முதல்வர் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி அளந்து, யாரோ விட்டுப்போன தொளதொள பேண்ட்டை மாட்டி வகுப்புக்கு அனுப்பினார்.

என் படத்தில் ஒரு சிறுமியின் விரல்கள் நாள்தோறும் வளரும். எந்த உடையும் போதாது. கடைசியில் அவை தரையைத் தொடும்போது, அளக்க வந்தவர் ஓடிப்போவார்.

"அருமையான உருவகம். பெரியவளாகிற பயம்," என்றார் ஆசிரியர் வெண்டல். "ஆனா பேய் சாகணும். இல்லன்னா ஜனங்க நிம்மதியா வீட்டுக்குப் போக மாட்டாங்க."

"பேய் அவ இல்லங்க. அளக்கிறவங்கதான்."

"விரல் யாருக்கு வளருது?" என்றான் கூடப் படிக்கும் பிரெண்ட் என்ற பையன். வகுப்பே சிரித்தது. கை தூக்கி முடிவெடுப்பது எங்கள் வழக்கம். சிறுமி சாக வேண்டும் என்று முடிவானது. நான்தான் சரியாக விளக்கவில்லையோ என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

நேற்று சர்ச்சுக்குக் கீழே உள்ள நிலவறையில் படப்பிடிப்பு. சிறுமியாக நடித்த ரோவீனாவின் விரல்களில் நீளமான ரப்பர் விரல்களை ஒட்டியிருந்தோம். துணை முதல்வர் வேடம் பிரெண்டுக்கு. இடுப்புவரைதான் படத்தில் தெரியும் என்று மேலே கோட்டும் கீழே ஷார்ட்ஸுமாக வந்திருந்தான்.

"நீ கையத் தொங்கப்போடு பாப்போம்," என்றாள் ரோவீனா.

போட்டான். அவன் தொடை பாதி வெளியே.

"நீ ஃபெயில்."

"நான் பையன்டி. என்னை யாரு அளப்பா?"

"அதத்தான் கேக்குறேன்."

"நேரமாகுது," என்றார் வெண்டல். "ரோவீனா, கீழ படு. அவன் அளவுகோலால குத்துவான்."

"நான் என்ன பண்ணேன்?"

"நீ இல்லம்மா, கதையில வர்ற பொண்ணு."

"சரி, அவ என்ன பண்ணா?"

வெண்டல் என்னைப் பார்த்தார். இயக்குநர் நான், நான்தான் சொல்ல வேண்டும்.

"எதுவும் பண்ணல," என்றேன். கேமராவை மூடினேன்.

"வகுப்பு ஓட்டுப் போட்டாச்சு. உனக்கு மார்க் போயிடும்," என்றார் வெண்டல்.

"போகட்டும்." என் குரல் நடுங்கியது, எனக்கே கேட்டது. வளர்ந்ததற்காக ஒரு குழந்தையைக் கொல்ல வேண்டும், அதுவும் பார்ப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக. இதற்கு ஓட்டு வேறு.

காரில் ரோவீனா ரப்பர் விரல்களைப் பிய்த்துப் போட்டாள். பசையோடு தோலும் கொஞ்சம் வந்தது.

"நாளன்னைக்கு ஸ்கூல்ல மறுபடியும் அளப்பாங்களா?"

"அளப்பாங்க."

"நீ வருவியா?"

"வரேன்."

நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று இன்று சொல்லிவிட்டேன். துணை முதல்வரிடம் எப்படித் தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை. குரல் நடுங்கத்தான் செய்யும். நடுங்கினாலும் பேசிவிட்டுத்தான் வருவேன்.