திரும்பும் தேதி

அப்பா தூங்கும்போது அவருடைய கட்டைவிரலைப் பிடித்துப் போனில் வைக்க வேண்டும். அண்ணன் எனக்குக் கொடுத்த வேலை அது.

"நான் தொட்டா முழிச்சுக்குவாரு. நீதானே எந்நேரமும் பக்கத்துல உட்கார்ந்திருக்கே. நீ தொட்டா தெரியாது," என்றான்.

பள்ளிக்கூடத்தை நிறுத்தியதிலிருந்து நான் வீட்டில்தான் இருக்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவருடைய கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற ஸ்டூல்தான் என் இடம். மாத்திரை கொடுப்பேன், முதுகுக்குத் தலையணை வைப்பேன். மற்ற நேரமெல்லாம் அவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவரிடம் ஈரலில் வீக்கம், மாத்திரையில் வற்றிவிடும் என்று சொல்லியிருந்தோம். டாக்டர் அம்மாவையும் அண்ணனையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னது வேறு. இந்த மாதம் தாண்டுவதே பெரிது என்றாராம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தோம். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தோம். அம்மா மட்டும் ஒரு பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அக்கா வர வேண்டும். அவள் தூர தேசத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அப்பாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை, ஒருதடவை வந்துவிட்டுப் போ என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தோம். டிக்கெட் எடுக்க அவளிடமும் வழியில்லை, எங்களிடமும் இல்லை. ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டது. மிச்சமிருந்தது பாயிண்ட் மட்டும்தான்.

அந்தப் பாயிண்ட் சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். அண்ணனுக்குப் போன் கடையில் வேலை. புதிதாக ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, முதல் மூன்று மாதத்துக்குள் அவர்கள் சொல்கிற தொகைக்குச் செலவு செய்தால், விமானக் கம்பெனி கணக்கில் மொத்தமாக போனஸ் பாயிண்ட் விழும், அதை வைத்துச் சும்மாவே பறக்கலாம் என்று அவன் ஒருநாள் வந்து சொன்னான். முதலில் அவன் பெயரில் ஒரு கார்டு. பிறகு அம்மா பெயரில், அப்பா பெயரில். பிறகு வேறு பேங்க். எங்கள் செலவு அந்தத் தொகையில் கால்வாசிகூட வராது. அதனால் தெருவில் யார் ஃபிரிட்ஜ் வாங்கினாலும், யார் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினாலும் அண்ணன் கார்டோடு போய் நிற்பான். இவன் தேய்ப்பான், அவர்கள் ரொக்கமாகக் கொடுப்பார்கள்.

"உங்க அண்ணன் கார்டு தேய்க்கிற வேகத்துக்கு என் இஸ்திரிப் பெட்டிகூடத் தேய்க்காது," என்பார் மாடி வீட்டு டெய்லர்.

அப்பா ஆரம்பத்தில் திட்டினார். "எவன்டா சும்மா பிளைட்ல ஏத்துவான்? நடு வானத்துல இறக்கி விட்டுடப் போறான்." ஆனால் முதல் போனஸ் விழுந்த நாளிலிருந்து அண்ணனைவிட அவருக்குத்தான் பைத்தியம் அதிகமானது. அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்துக்கொண்டு உட்காருவார். எந்த ஊருக்கு எந்த மாதம் எத்தனை பாயிண்ட் என்று அவருக்கு மனப்பாடம். குடும்பத்தில் எல்லோருடைய பாயிண்ட்டையும் ஒரே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்றபோது அண்ணன் தன் பெயரில் ஆரம்பிக்கப் பார்த்தான். அம்மா விடவில்லை. "வீட்டுக்குப் பெரியவர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது உன் பேர் எதுக்குடா?"

அப்படித்தான் எல்லாம் அப்பா பெயருக்குப் போனது. நாலு பேரும் சேர்ந்து போய் அக்காவைப் பார்ப்பது, அதுவரை ஒரு பாயிண்ட்டைக்கூடத் தொடக்கூடாது என்பது அவருடைய சட்டம். அதற்காக எல்லோருக்கும் பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்தாயிற்று.

இப்போது அதைத் தொட வேண்டும். அதுவும் அவருக்குத் தெரியாமல். தெரிந்தால் ஏன் என்று கேட்பார்.

அண்ணன் அப்பாவின் போனைச் சமையலறைக்கு எடுத்து வந்து எல்லாவற்றையும் நிரப்பினான். அக்கா பெயர், பாஸ்போர்ட் நம்பர், வருகிற வெள்ளிக்கிழமை. கடைசியில் விரல் ரேகை கேட்கும். அதற்கு முன்னால் அவன் கை நின்றது.

"திரும்பற தேதி கேக்குதும்மா."

"ஏதாவது ஒண்ணு போடேன்."

"ஏதாவதுன்னா? பின்னாடி மாத்த முடியாது. ஒருவழி மட்டும் எடுத்தா அவ எப்படித் திரும்பிப் போவா? வேலையே போயிடும்."

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அப்ப பதினஞ்சாம் தேதி போடு."

"பதினஞ்சா? அதுக்குள்ள..." அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "எல்லாம் முடியணும்லம்மா."

கத்தி நின்றது. "நாக்கை அறுத்துடுவேன் உனக்கு," என்றாள் அம்மா.

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அடுத்த அறையில் அப்பா இருமி, பிறகு அடங்கினார். அம்மா எழுந்து குழாயைத் திறந்தாள். கழுவுவதற்கு ஒன்றும் இல்லை. ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இருபத்தெட்டு போடு."

அண்ணன் போட்டான். போனை என் கையில் கொடுத்தான். "சீக்கிரம். கொஞ்ச நேரம்தான் சீட்டைப் பிடிச்சு வெப்பான்."

அறைக்குள் ஜன்னல் திரை மூடியிருந்தது. மருந்து வாசனை. அப்பா வாயை லேசாகத் திறந்து தூங்கினார். அவருடைய வலது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. லிஃப்ட் கயிறு இழுத்து இழுத்துக் காய்த்த கை இப்போது வீங்கி, நகம் மஞ்சளாகியிருந்தது. கட்டைவிரலைப் பிடித்து வைத்தேன். போன் ஏற்கவில்லை. என் தாவணி நுனியால் துடைத்து மறுபடியும் வைத்தேன். ஏற்கவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்து இன்னொருமுறை அழுத்தினேன்.

"அது இல்ல குட்டி," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. "கட்டைவிரல்ல ரேகையே தேஞ்சு போச்சு. ஆள்காட்டி விரல்தான் போட்டு வெச்சிருக்கேன்."

போனை மடியில் மறைத்தேன்.

"குடு, பாக்கறேன்."

கொடுக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. அவர் போனைத் தூரமாகப் பிடித்துக் கண்ணை இடுக்கிப் படித்தார். அக்கா பெயரைப் படித்தபோது முகம் மலர்ந்தது. அதற்கும் கீழே, திரும்பும் தேதிக்குப் போனபோது, மலர்ந்தது மெல்ல மெல்ல அணைந்தது.

அண்ணன் வாசலுக்கு வந்துவிட்டான். "சும்மா பார்த்துக்கிட்டு இருந்தோம்பா. ஏதோ ஆஃபர் போட்டிருக்கான்..."

"இந்த மாசத்துல எவன்டா ஆஃபர் போடுவான்? சீசன். ரெண்டு மடங்கு கேப்பான்." அப்பா மூச்சு வாங்கினார். "உனக்கு அது தெரியாதா?"

அண்ணன் போனை வாங்கக் கை நீட்டினான். அப்பா கொடுக்கவில்லை.

"டாக்டரா இருபத்தெட்டுன்னு சொன்னாரு?"

அண்ணனுக்குப் பின்னால் அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். "டாக்டருக்கு என்ன தெரியும்? நான்தான் சொன்னேன்," என்றாள்.

"நீயா?" அப்பா சிரித்தார். உடம்பு குலுங்கியது, சத்தம் வரவில்லை. "அப்ப சரியாத்தான் இருக்கும். நீ சொல்லி எது நடக்காம போயிருக்கு?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டேய், இது போக மிச்சம் எவ்வளவு நிக்கும்?"

அண்ணன் மெதுவாகச் சொன்னான். இன்னொரு ஆளுக்கு ஒருவழிக்கு மட்டும் போதும்.

"அந்த இருபத்தெட்டாம் தேதி பிளைட்லயே அம்மாவுக்கும் ஒரு சீட் போடு. அவ பக்கத்துல."

"எனக்கு எதுக்கு?" அம்மா பாய்ந்தாள். "நான் போயிட்டா உங்களை யாரு பாத்துப்பா?"

அந்தக் கேள்வி அறைக்குள் அப்படியே நின்றது. கேட்டவளுக்கே அது புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆளு போனா கணக்கை மூடிடுவான்," என்றார் அப்பா, லிஃப்ட் பழுதைச் சொல்கிற அதே குரலில். "அப்புறம் எல்லாம் கம்பெனிக்குத்தான். தெரு முழுக்க அலைஞ்சு சேர்த்தது. ஒரு பாயிண்ட் விடக்கூடாது. விசாவுக்கு நாளைக்கே எழுதிப் போடு. கொஞ்ச நாள் பொண்ணுகூட இருந்துட்டு வரட்டும். திரும்பறதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

"போட்டீங்கன்னா இந்தப் போனைத் தூக்கி வீசிடுவேன்."

"வீசு. அப்புறம் பொண்ணும் வர மாட்டா."

அண்ணன் போனை வாங்கிக் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் பெயரை அடித்தான். இரண்டுமுறை தப்பாக அடித்து அழித்தான். பிறகு போனை என் பக்கம் நீட்டினான். அப்பா தன் கையை என் மடியில் வைத்தார். அதற்குமேல் அதைத் தூக்கும் வலு அவருக்கு இல்லை.

"பிடி குட்டி."

"ஏய், இரு," என்றான் அண்ணன். "வாயில்லாப்பூச்சி, கொஞ்சம் இரு. யோசிக்கலாம்."

திரையில் சீட்டுக்கான நேரம் குறைந்துகொண்டே வந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். அழுத்தினால் அக்கா வருவாள். அழுத்தினால் அந்தத் தேதி இந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அப்பாவின் ஆள்காட்டி விரல் சூடாக இருந்தது. நான் அழுத்தினேன்.

பச்சை நிறத்தில் ஒரு குறி வந்தது.

சிறிது நேரத்தில் அதே போன் அடித்தது. அக்கா. அவளுக்கு மெயில் போயிருந்தது. அண்ணன் எடுக்கத் தயங்கினான். அப்பாதான் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"அம்மா! நிஜமாவா? என்கூடவே கிளம்பி வர்றியா?" அக்கா கத்தினாள். பின்னால் யாரோ ஒரு கிழவர் அவளை அடக்குவது கேட்டது. "ஐயோ, எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உனக்கு ஸ்வெட்டர் வாங்கணும், ஷூ வாங்கணும்... இரு, அப்பா பேரைக் காணோமே? அவருக்கு ஏன் போடல?"

அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அறையை விட்டுப் போனாள்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா," என்றார் அப்பா. "எனக்குப் பாயிண்ட் பத்தல."

"அவ்வளவுதானே! நான் இங்க ஒரு கார்டு எடுக்கறேன். மூணே மாசம், போனஸ் விழுந்துடும். நீங்க அடுத்த பிளைட்ல வந்துடலாம். எடுக்கட்டுமாப்பா?"

அப்பா என் கையைப் பிடித்தபடி கூரையைப் பார்த்தார்.

"எடும்மா," என்றார். "அவசரமில்ல. மெதுவா எடு."