ஒரு நிமிட மௌனத்தில் அசைந்த உதடு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஷூவைக்கூடக் கழற்றாமல் கொண்டுவந்து கொடுத்த தலைவலி. அவர் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவதும் அவர் வேலைதான்.

"நீதான் கதை எழுதுறவளாச்சே. ஒரு பொண்ணு வாய்க்குள்ள என்ன முணுமுணுத்திருக்கும்னு சொல்லு. திங்கக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுக்கணும்" என்றார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பிரார்த்தனை என்பது ஆன்மாவின்...' (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். காலைக் கூட்டத்தில் பிரார்த்தனை இருந்தே ஆகவேண்டும் என்று பாதிப் பெற்றோர். கூடவே கூடாது என்று மீதிப் பேர். ஆறு மாதம் மல்லுக்கு நின்றார்கள். தலைமையாசிரியை அலுத்துப்போய், இனி ஒரு நிமிடம் மௌனம், அவ்வளவுதான் என்று முடித்துவைத்தார். மௌனத்தைக் காவல் காக்கும் பொறுப்பு விசில் வைத்திருப்பவர் தலையில் விழுந்தது.*

* மௌனம் கலைந்தால் விசில் ஊதலாமா என்று சுற்றறிக்கையில் இல்லை.

வியாழக்கிழமை அந்த நிமிடத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் உதடு அசைந்தது. தினமும் மைக்கில் செய்தி வாசிப்பவள். பள்ளிக்கூடமே அவளை 'செய்தி' என்றுதான் கூப்பிடும். மேடையில் நின்றதால் ஊரே பார்த்துவிட்டது. விதியை மீறிப் பிரார்த்தனை செய்தாள் என்று ஒரு தரப்பு புகார். மௌனத்தைக் கிண்டல் செய்தாள் என்று மறு தரப்பு. இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைக் கேட்டது அன்றுதான்: என்ன சொன்னாள்?

தலைமையாசிரியை கேட்டதற்கு, "அது என்னோடது மிஸ்" என்றாளாம். எத்தனை முறை கேட்டும் அதேதான். திங்கட்கிழமைக்குள் தெரியாவிட்டால் மைக் வேறு பிள்ளைக்கு என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற ஆசிரியர் (இவர்தான்) நிரப்ப ஒரு படிவமும் வந்தது: 'முணுமுணுத்தது என்ன?'

என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. போன வருடம் வரை வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காத பெண் அவள். மைக் கிடைத்த பிறகுதான் பேசவே ஆரம்பித்தாள்.

3

மூன்று வரைவு எழுதிப் பார்த்தேன். அவள் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னாள், அன்று கணக்குத் தேர்வு. இல்லை, வாசிக்கவேண்டிய செய்தியை ஒத்திகை பார்த்தாள். இல்லை, அவள் அம்மா ஆஸ்பத்திரியில்... (இதை அடித்துவிட்டேன். அழவைக்கும் குறுக்குவழி.)

"வாய்ப்பாடே இருக்கட்டுங்க. ரெண்டு பக்கமும் வாயை மூடிக்கும்" என்றேன்.

அவர் அடுக்களையில் மூன்று சுற்று நடந்தார். "சரி, வாய்ப்பாடு. அடுத்த வாரம் நெஜமாவே வேண்டிக்கிற பிள்ளை உதட்டை அசைச்சா?"

"அதுக்கும்..."

"அதுக்கும் வாய்ப்பாடுதானா? எத்தனை பேருக்கு எழுதித் தருவே?"

எனக்குச் சுருக்கென்றது. எழுதுகிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. யார் மனதுக்குள்ளும் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்துவிடுவோம். 'அந்த நிமிடத்தில் அவள் மனதுக்குள்' என்று எழுதினேன். பேனாவை மூடினேன். அந்த வாக்கியம் அப்படியே கிடக்கிறது.

4

ஞாயிறு மதியம் அவரே எழுதினார்: 'எனக்குத் தெரியாது. அதைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை என்று நினைக்கிறேன். யாருடைய மௌனமும் அவளால் கெடவில்லை. மைக் அவளிடமே இருக்கவேண்டும்.' கீழே கொட்டை எழுத்தில் கையெழுத்து.

"என்னங்க, மாற்றல் கீற்றல் போட்டுட்டா?"

"பயமாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இதுக்கு மேல மாத்தி எழுத வரல."

எனக்கும் பயம்தான். பெருமையாகவும் இருந்தது. இன்னொரு தட்டு சோறு போட்டேன், முழுதும் சாப்பிட்டார்.

5

திங்கட்கிழமை காலை எட்டே முக்கால். தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தைப் படிக்கிறார். என் வீட்டுக்காரர் எதிரே விறைத்து நிற்கிறார். வாசலில் 'செய்தி', கையில் அன்றைய தாள்.

தலைமையாசிரியை சிரித்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். படிவத்தைக் கிழித்தார் என்று இன்னொன்று. இரண்டையும் எடுத்துவிட்டேன், ஏனென்றால் இப்போது மைக் வாசிக்கிற உங்கள் கையில் இருக்கிறது. அவளிடம் கொடுப்பதற்கு முன், அன்று என்னதான் சொன்னாள் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கும் ஆசையாக இருக்கும். எனக்கும்தான்.

கேட்காமல் கொடுங்கள்.