மதியம் இரண்டு மணிப் பிள்ளைகள்

தையற்காரி கடிதத்தை மேசைமேல் அடித்து வைத்த வேகத்தில் உப்புத்தண்ணீர்க் கிண்ணம் ஓர் ஆட்டம் ஆடி நின்றது.

"படி. நீதானே என் மகளுக்குத் தொப்பி போட்ட. நீயே படி, அக்கா."

அந்தக் குழந்தை மூளை ஆய்வு மையத்தில் பதினோரு வருடமாகத் தொப்பி போடுவதுதான் அந்த அக்காவுக்கு வேலை. அதனால் பெரியவர் சிறியவர் எல்லாருக்குமே அவள் தொப்பியக்கா. அறுபத்து நாலு பஞ்சுப் பொத்தான் வைத்த வலைத்தொப்பியை உப்புத்தண்ணீரில் முக்கி, பிள்ளையின் தலையில் மாட்டினால், மண்டைக்குள் ஓடுகிற துளி மின்சாரம் திரையில் அலை அலையாக எழுதும். சொல்லச் சுலபம். மூன்று வயதுக்காரியின் தலையில் சொட்டச் சொட்ட ஈரத்தொப்பியை ஏற்ற, மழைநாளில் ஓட்டைக் குடையை விற்கிறவனின் வாய்ச் சாமர்த்தியம் வேண்டும். தொப்பியக்காவுக்கு அது இருந்தது. ஆலைக் குடியிருப்பில் அவள் வீட்டைச் சுற்றியிருந்த நாற்பத்தொரு தாய்மாரையும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தது அந்த வாய்தான்.

படித்தாள். குழந்தையின் மூளை மின்னலைகள் வயதுக்குரிய வேகத்தை எட்டவில்லை. ஆலைக் குடியிருப்புப் பிள்ளைகளிடம் இது பொதுவாகக் காணப்படுகிறது. சிறப்பு வகுப்பில் சேர்க்கப் பரிந்துரைக்கிறோம். நகல்: பள்ளிக்கூடம்.

"வெள்ளிக்கிழமை சேர்க்கை," என்றாள் தையற்காரி. "பள்ளிக்கூடத்துல இப்பவே வேற வரிசையில நிக்கச் சொல்றாங்க. மந்தமாம். எழுந்ததுலேர்ந்து வாயை மூடாதவ. நேத்து என்கிட்ட, ஊசிக்கு ஏம்மா ஒரே ஒரு காதுன்னு கேக்கறா. இவ மந்தம்."

லொடலொடா என்று தெருவே கூப்பிடுகிற பிள்ளை அது. தொப்பியக்கா இழுப்பறையைத் திறந்து பதிவுத்தாளை எடுத்தாள். நேரம்: மதியம் இரண்டு இருபது. கீழே அவள் கையெழுத்தே: 'கண் திறந்திருக்கிறது, அலை தூங்குகிறது.'

அடுத்த தாளை எடுத்தாள். ஒன்றே முக்கால். அடுத்தது இரண்டரை. நாற்பத்தொன்றும் மதியம். காலையில் மையத்து வேன் ஊழியர்களை ஏற்றிவரும்; ஆலைப் பக்கம் தலைகாட்டச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். சொந்தக் கார் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது மணிக்கே பளிச்சென்று வந்து உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடித்த மூன்று வயதுப் பிள்ளை கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், உள்ளே பாதி படுத்துவிட்டிருக்கும். அப்போது அலை மெதுவாகத்தான் போகும். இது தொப்பியக்காவுக்குத் தெரியும். அதனால்தான் குறிப்பு எழுதினாள். கணினியில் ஏற்றும்போது அந்தக் குறிப்புக்குக் கட்டம் இல்லை. 'ஏற்கத்தக்கது', 'மறுபதிவு' என்று இரண்டே கட்டம். இவள் நாற்பத்தொன்றிலும் 'ஏற்கத்தக்கது' என்று டிக் அடித்திருந்தாள். மறுபதிவு என்றால் வேனைத் திரும்ப யார் கேட்பது, மையத்தை நடத்துகிற பெரிய டாக்டரிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அடியில் இன்னொரு தாள் கிடந்தது. அதுவும் இரண்டரை மணி. அதில் மட்டும் சிவப்பு மையில் ஒரு வரி: 'குழந்தை சோர்வாக இருக்கிறான். இதை விலக்கிவிட்டு, காலையில் மீண்டும் எடுக்கவும்.' எழுதியவர் பெரிய டாக்டர். பிள்ளை அவர் பேரன்.

அவளுக்கு உள்ளங்காலில் பற்றியது உச்சந்தலைக்கு வந்துவிட்டது. அந்தப் பேரனின் அலைகளைக் கணினியிலிருந்து தாளில் அச்செடுத்தாள். பேர் இருந்த மேல்பகுதியைப் பின்னால் மடித்தாள்.

"வா மேலே, டாக்டர் அறைக்கு," என்றாள்.

பெரிய டாக்டர் "உட்காருங்க" என்று சொல்வதற்குள் தையற்காரி உட்கார்ந்தாகிவிட்டது. தொப்பியக்கா தாளை நீட்டினாள்.

"டாக்டர், மூணு வயசுப் பிள்ளை. இந்த அலை எப்படி?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ரொம்ப மந்தமா இருக்கே. ஆலைக் குடியிருப்புதானே? இதைத்தான் நான் வசதியான வீட்டுப் பிள்ளைங்களோட ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரையில விலாவாரியா எழுதியிருக்கேன்."

"சிறப்பு வகுப்புதானா?"

"சந்தேகமே இல்லை."

மடிப்பைப் பிரித்தாள். சிவப்பு மையில் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்தாள். டாக்டர் தன் கையெழுத்தையே வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

"அன்னிக்கு அவன் தூக்கக் கலக்கத்துல இருந்தான்."

"இவ மகளும்தான். நாப்பத்தொரு பிள்ளைங்களும்தான். உங்க பேரனுக்கு வந்தா தூக்கம், எங்க பிள்ளைங்களுக்கு வந்தா மந்தம். நல்ல தராசு டாக்டர், எந்தக் கடையில வாங்கினீங்க?"

"கோபப்படாதீங்கம்மா. கட்டுரையில ஒரு அடிக்குறிப்பு சேர்த்துடலாம்."

"அடிக்குறிப்புன்னா என்னக்கா?" என்றாள் தையற்காரி.

"பக்கத்துக்கு அடியில, யாரும் பாக்காத எடத்துல, எறும்பு எழுத்துல எழுதறது."

"என் மகளை அங்கயா உட்கார வைக்கப் போறாரு?"

டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். தோற்கிற வியாபாரி எதிராளியின் சரக்கில் சொத்தை தேடுவான். அவரும் தேடி எடுத்தார். "ஏற்கத்தக்கதுன்னு டிக் அடிச்சது நீங்கதானே?"

தையற்காரியின் தலை மெல்லத் திரும்பியது.

"நான்தான்," என்றாள் தொப்பியக்கா. "அதை எழுதியும் தரேன். இப்ப உங்க சங்கதிக்கு வாங்க. சம்மதப் படிவத்துல அஞ்சாவது வரி: எப்ப வேணாலும் விலகலாம், கேட்டா பதிவை நீக்கிடுவோம். நாப்பத்தொரு வீட்டுலயும் உட்கார்ந்து படிச்சுக் காட்டினவ நான். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நாப்பத்தொரு பேரும் கேப்பாங்க. அப்புறம் உங்க கார்ப் பிள்ளைங்களை யாரோட ஒப்பிடுவீங்க? ஒருத்தரோட ஒருத்தரையா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சரி, மாதிரிக்கு ஒரு பத்துப் பேருக்கு மறுபடி எடுக்கலாம்."

"நாப்பத்தொண்ணு."

"இருபது. வேன் கிடைக்க வேண்டாமா?"

"நாப்பத்தொண்ணு. காலையில ஒன்பது மணிக்கு. வேன் முதல்ல ஆலைப் பக்கம் வரட்டும், ஊழியருங்க நடந்து வரட்டும். நானும் நடக்கறேன். அதுக்கு முன்னாடி, இப்பவே, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம்."

டாக்டர் தாளை இழுத்து எழுதினார். தொப்பியக்கா தலைகீழாகவே படித்தாள்.

"'மறுபரிசீலனையில் உள்ளது' வேணாம் டாக்டர். தப்புன்னு எழுதுங்க."

"அறிவியல்ல அப்படிப் பட்டுன்னு சொல்றதில்லைம்மா."

"மந்தம்னு மட்டும் பட்டுன்னு சொல்லலாமோ?"

அவர் அடித்துவிட்டு எழுதினார்: 'முந்தைய கடிதங்கள் தவறு. நாற்பத்தொரு குழந்தைகளையும் வழக்கமான வகுப்பிலேயே சேர்த்துக்கொள்ளவும்.' கையெழுத்துப் போட்டபோது பேனா தாளைக் கிழிக்கப் பார்த்தது.

படிக்கட்டில் இறங்கும்போது தையற்காரி கடிதத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். நன்றி என்ற பேச்சே எடுக்கவில்லை.

"அக்கா, அந்த டிக்கு. தெரிஞ்சுதான் போட்டியா?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. தொப்பியக்கா அதை விழுங்கினாள். "தெரிஞ்சுதான். வேனுக்காக அவர்கிட்ட போய் நிக்க பயம்."

"இன்னிக்கு நின்னியே."

"இன்னிக்குக் கோபம் இருந்துச்சு."

"அன்னிக்கே வந்திருக்கணும் அது." தையற்காரி இரண்டு படி முன்னால் இறங்கி நின்றாள். "எல்லா வீட்டுக்கும் இந்தக் கடுதாசி போயிருக்கு. நீதான் போய்ச் சொல்லணும். டிக்கு சங்கதியையும் சேத்து. நான் கூட வரேன். உனக்காகப் பேசமாட்டேன்."

ஆலைக் குடியிருப்பின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்தவள் கையில் அதே கடிதம் இருந்தது. தொப்பியக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவள் இடுப்பில் கைவைத்துத் திட்டத் தொடங்கினாள்; பெற்றவளை இழுத்தாள், படிப்பை இழுத்தாள், தொப்பியை இழுத்தாள். தையற்காரி சொன்னபடியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டி முடித்தவள் மூச்சு வாங்கியபோது, தொப்பியக்கா டிக்கிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். இன்னும் முப்பத்தொன்பது வீடு இருந்தது.