இரண்டாவது கையெழுத்து

எங்கள் லேபில் வளரும் பாக்டீரியாவுக்கு லீவு கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் யாராவது போய்த் தட்டுகளைப் பார்த்துக் குறித்துவிட்டு வர வேண்டும். தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகப் போய் இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கல்லூரி விதி. நாங்கள் விதியை மதிக்கும் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே இரண்டு கையெழுத்தையும் போட்டு வைத்துவிடுவோம். ஞாயிறன்று ஒருத்தி போவாள், ஒருத்தி தூங்குவாள்.

அந்த ஞாயிறு போனவள் என் ரூம்மேட். ஆமை நடை நடப்பதால் அவளுக்குப் புயல் என்று பெயர் வைத்திருந்தோம். தூங்கியவள் நான். தூங்கினேன் என்பதே பொய். போர்வைக்குள் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தேன்.

"வாடி, பத்து நிமிஷ வேலைதான். லேப் சார் வேற இருப்பாரு. தனியா போக ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

"நீ போயிட்டே இரு, பின்னாடியே வரேன்" என்றேன்.

லேப் சார் இருப்பார் என்பதால்தான் நான் போகவில்லை. போன வருஷம் அங்கே குளிர் அறையில் கதவைச் சாத்திவிட்டு என் இடுப்பைப் பிடித்தார். எப்படியோ உதறிவிட்டு ஓடி வந்தேன். சொன்னால் நம்மைத்தான் கேள்வி கேட்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். ஊருக்குச் சொல்லாதது இருக்கட்டும், புயலிடம் சொல்லியிருக்கலாம். ஒரே பக்கெட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறவளிடம், அந்த ஆள் சரியில்லை, ஜாக்கிரதை என்று சொல்ல எனக்கு ஒரு வருஷம் போதவில்லை. நினைத்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

பதினோரு மணிக்குப் புயல் ஓடி வந்தாள். சட்டைத் தோள் கிழிந்திருந்தது, மணிக்கட்டில் விரல் தடம் சிவந்திருந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அப்போதும் நான் என்னுடையதைச் சொல்லவில்லை.

மறுநாளே அவள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். லேப் சார் அலட்டிக்கொள்ளவில்லை. அங்கே மூன்று பேர் இருந்தோம், நோட்டைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் வரவில்லை என்று அவருக்குத் தெரியாதா? நான் வாய் திறக்க மாட்டேன் என்பதும் தெரியும். ஒரு வருஷம் பார்த்தவராயிற்றே.

விசாரணை அறையில் புயல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கமிட்டி மேடம் நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"உன் கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"அப்ப நீ அங்க இருந்திருக்க. இவ சொல்ற மாதிரி ஏதாவது நடந்துதா?"

இருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் புயல் பொய்க்காரி ஆகிவிடுவாள். போகவில்லை என்றால் பொய்க் கையெழுத்துக்கு என்னை லேபிலிருந்து தூக்கிவிடுவார்கள். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்து வரப்போகும் கேள்விக்குத்தான் பயந்தேன்.

"நான் போகல மேடம். அது வெள்ளிக்கிழமையே போட்டது. இவ தனியாத்தான் போனா."

மேசைக்கு அடியில் புயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் போகல?"

தூங்கிவிட்டேன் என்று சொல்லலாம். புயலும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பதிலோடு இருவரும் பழையபடி ரூமுக்குத் திரும்பலாம். ஆனால் அவள் பேச்சுக்குத் துணையாக வேறு யார் பேச்சும் இருக்காது.

"அவர் இருப்பார்னு தெரியும். போன வருஷம் எனக்கும் இதத்தான் பண்ணாரு."

மேடம் தேதி, நேரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். "தப்பு பண்ணது அவர், நீ இல்ல" என்றார். தலையாட்டினேன். புயல் எப்போது என் கையை விட்டாள் என்று தெரியவில்லை.

"இவங்ககிட்ட இவ்வளவு சொல்ற. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.