கோபம், ஐந்துக்கு நாலு

ஃபிரிட்ஜ் கதவில் என் கணவர் ஒட்டியிருந்த தாளில், ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக, "கோபம் 4/5. காரணம் இல்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. பால் எடுக்கப் போனவள் அதைப் படித்துவிட்டுப் பாலை எடுக்காமலே நின்றேன்.

அவர் கணக்கு வாத்தியார். எதையும் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் அவருக்கு மூச்சு வரும். மனச்சோர்வுக்காக நாலு வருடமாக நான் சாப்பிட்டுவந்த மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஆரம்பித்த அன்றே இந்தத் தாளும் வந்துவிட்டது. தேதி, அளவு, தூக்கம், அழுகை, கோபம். அழுகைக் கட்டத்தை நான் மறுக்கவில்லை. தெருமுனையில் 'நாயைக் காணவில்லை' என்று ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, முன்பின் தெரியாத அந்த நாய்க்காக அரை மணி நேரம் அழுதேன். குக்கர் மூடி சரியாக உட்காரவில்லை என்று அதைச் சுவரில் எறிந்ததும் நான்தான். கண்ணைச் சட்டென்று திருப்பினால் தலைக்குள் ட்யூப்லைட் ஒன்று எரியலாமா வேண்டாமா என்று சிமிட்டுகிறது. எல்லாம் மாத்திரை குறைவதால் வருவது, மெல்ல அடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று எந்தக் கையால் எழுதினார்? காரணம் எங்கள் பின்னறையில் தரையிலிருந்து கூரைவரை அடுக்கிக் கிடக்கிறது.

என் நாத்தனாருடைய சாமான்கள். வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனபோது, "ரெண்டே மாசம் அண்ணி" என்று இறக்கிவிட்டுப் போனாள். பீரோ, இரண்டு கட்டில், சோபா, பெயரெழுதாத இருபத்திரண்டு பெட்டிகள். அப்போது நான் முழு அளவு மாத்திரையில் இருந்தேன். அந்த மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன். படுக்கையை விட்டு எழுந்து பல் தேய்க்கவைத்ததே அதுதான். ஆனால் அதைச் சாப்பிட்ட வருடங்களில் 'சரி' என்று சொல்வது எனக்கு மிகவும் சுலபமாக இருந்தது. பின்னறை ஜன்னல் பீரோவுக்குப் பின்னால் மறைந்தபோதும் சரி. அங்கே கிடந்த என் மேஜையை மொட்டைமாடிக்கு ஏற்றியபோதும் சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள். "ஒரே ஒரு ட்ரெட்மில்தான் அண்ணி. ஓரமா நின்னுக்கும்." அந்த அறையில் ஓரம் என்று ஒன்று நாலு வருடமாக இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ என்றேன். குரல் உயர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். போனைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். பிறகு எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "அண்ணா, அண்ணி இன்னிக்கு மாத்திரை போட்டாங்களா?" என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

கத்தினால் மாத்திரை. கத்தாமல் இருந்தால் அதுவும் மாத்திரை. இது என் கோபமா, மாத்திரை விட்டுப்போகிற கோபமா என்று டாக்டரிடமே போன் போட்டுக் கேட்டேன். "ரெண்டும் இருக்கலாம்மா. அளவ இப்போதைக்கு மாத்த வேணாம், அடுத்த வாரம் வாங்க பாக்கலாம்" என்றார். இத்தனை படித்தவர் ஏதாவது ஒரு பக்கம் சாயக்கூடாதா என்றிருந்தது.

திங்கட்கிழமை அதே கடுகடுப்போடு வேலைக்குப் போனேன். ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில் பல் செட் செய்வது என் வேலை. உள்ளே நுழைந்தால் என் ஸ்டூலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மேல் செட் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது; இடது பக்கம் குத்துகிறதாம். இரண்டு தடவையும், பல் படுகிற இடத்தைக் காட்டும் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்த்தேன். கடி துல்லியமாக இருந்தது. "வயசானவங்க அப்படித்தான், எதச் செஞ்சாலும் குத்துதும்பாங்க" என்று பல் டாக்டரும் சொல்லிவிட்டார். போன வாரம் பெரியவர் மறுபடி வந்து நின்றபோது, "உங்களுக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல சார், மனசுலதான்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தேன்.

இப்போது அவர் செட்டைக் கைக்குட்டையில் சுற்றி மேஜைமேல் வைத்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். இடது ஈறில் வெள்ளையாக ஒரு புண், சுற்றிலும் சிவந்து கிடந்தது. செட்டைக் கழுவி, கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து, அதன் உட்புறத்தில் மெதுவாக இழுத்தேன். ஓரிடத்தில் பஞ்சு மாட்டியது. விரலுக்குத் தட்டாத, கடுகில் பாதிகூட இல்லாத ஒரு முடிச்சு. வார்த்த அச்சில் காற்றுக்குமிழ் விட்ட குழி, செட்டில் முடிச்சாகியிருக்கிறது. வேலை பழகிய முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கிற சோதனை இது. இரண்டு தடவையும் கடியைத்தான் பார்த்தேனே தவிர உள்ளே பார்க்கவில்லை.

"என் தப்பு சார்" என்றேன். "நீங்க சொன்ன இடத்துலயேதான் இருக்கு."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பஞ்சு மாட்டியிருந்த இடத்தைப் பார்த்தார். "நீங்க சொன்னதும் நானும் மனசுதான்னு நெனச்சுட்டேம்மா. வீட்லயும் எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. சரி, பழகிக்குவோம்னு ஒரு வாரம் கழட்டாமயே இருந்தேன்."

திட்டியிருக்கலாம். அவர் திட்டாதது என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. முடிச்சைத் தேய்த்து, மெருகேற்றி, புண் ஆறும்வரை போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், கணவர் முன்னாலேயே நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"வர்ற ஞாயித்துக்கிழம வண்டி எடுத்துட்டு வந்துடு. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடணும்."

"அண்ணி, நீங்க கோவத்துல..."

"கோவமாத்தான்மா இருக்கேன். அதனால சொல்றது தப்பாயிடாது. கத்தினதுக்கு மன்னிச்சுக்கோ. சாமான எடுத்துக்கோ."

போனை வைத்ததும் அவர் பேனா தேடுவதுபோல் சட்டைப் பையைத் தொட்டார். தொட்ட கையை அப்படியே கீழே இறக்கினார்.

"காரணம் இல்லன்னு எப்படிங்க எழுதினீங்க?"

"நீ கத்தினா எனக்குக் காரணமெல்லாம் தெரிய மாட்டேங்குது" என்றார். "பயம்தான் வருது. மாத்திர ஆரம்பிக்கறதுக்கு முன்னால நீ நாலு நாள் சுவத்தப் பாத்துட்டே படுத்திருந்தே. அதுக்கு முன்னாடி ஏதாவது அறிகுறி இருந்துச்சா, நாந்தான் கவனிக்கலையான்னு இன்னும் யோசிச்சிட்டிருக்கேன். அதான் எழுதறேன்."

இதை அவர் நாலு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது. கூடவே, இப்போது வந்து சொல்கிறாரே என்று ஆத்திரமும் வந்தது. "எழுதுங்க. ஆனா காரணத்த என்கிட்ட கேட்டு எழுதுங்க" என்றேன். தலையாட்டினார். அதற்குப் பிறகு கோபம் வந்தபோதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று காரணம் கேட்டார். புதன்கிழமைக்குள் அதுவே பெரிய தொல்லையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. நாத்தனார் என் முகத்தைப் பார்க்காமல் ஆட்களை ஏவிக்கொண்டிருந்தாள். நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்காமல் வைத்தாள். கடைசியில் யாரும் பார்க்காதபோது ஆறியதைக் குடித்தாள். "வர்றேன் அண்ணி" என்றாள். "வா" என்றேன். அவ்வளவுதான். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். காலி அறையில் நின்று, பீரோ தரையில் விட்டுப்போன தடத்தைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் இத்தனை கடுமை வேண்டியிருந்ததா, இல்லை இன்னும் முன்பே வேண்டியிருந்ததா?

ஜன்னல் தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. கணவர் செருப்பால் நாலு தட்டுத் தட்டினார். ஐந்தாவது தட்டில் கதவு திறந்துகொண்டு, தூசி இருவர் தலையிலும் கொட்டியது. கைக்கெட்டும் தூரத்தில் எதிர்வீட்டுப் பால்கனி. ஒரு பெண் ஈரப் படுக்கை விரிப்பைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். சத்தத்தில் திடுக்கிட்டு எங்களைப் பார்த்தவள், வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"புதுசா குடி வந்திருக்கீங்களா?"

கணவர் என்னைப் பார்த்தார். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். பாதி விரித்த விரிப்பின் நுனியிலிருந்து தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சொட்டிக்கொண்டிருந்தது.