பின்மூடிக் காந்தம்

டார்ச் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்கிற முதல் காரியம், அதை எரியவிட்டுத் தங்கள் முகத்திலேயே அடித்துப் பார்ப்பது. கண் கூசினால் நல்ல டார்ச்சாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள், மரை எத்தனை சுற்றுப் போகிறது என்று பாருங்கள், மூடிக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள் என்று கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். வாய்க்காரி என்று பெயர் வாங்கியதும் அதனால்தான்.

என் கடை தாயில்பட்டி விலக்கில் இருக்கிறது. பானுப்பிரியா எலக்ட்ரிக்கல்ஸ் என்று என் பெயரையே வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டியவள். இருமல் விடாமல் பிடித்துக்கொண்டதால் நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் அன்பரசன் நிற்கவில்லை. அதே கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற அறையில் பதினோரு வருஷமாக இருக்கிறார். அவர் வேலைக்குப் போன பிறகு, சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறவரைக்கும் என் வயிற்றில் ஒரு கல் கிடக்கும். இந்தப் பக்கத்துப் பொம்பளைகள் எல்லோர் வயிற்றிலும் அது கிடக்கும். யாரும் வெளியே சொல்ல மாட்டோம்.

ஐப்பசி பிறக்கச் சில நாட்கள் இருந்தபோது அந்தக் கம்பெனி போர்மேன் ஊர்க்காவலன் கடைக்கு வந்தார். சீசன் உச்சத்தில் இருந்தது.

"பானு, முப்பது டார்ச் வேணும். கீழ விழுந்தாலும் ஒடையக் கூடாது. எது நல்ல உருப்படின்னு நீயே சொல்லு."

"யாருக்குண்ணே?"

"வாட்ச்மேனுக்கும் லோடு ஏத்துறவங்களுக்கும்தான். வேற யாருக்கு?"

நான் மூன்று கம்பெனி டார்ச்சுகளை எடுத்து மேசையில் வைத்தேன். போனையும் தூக்கி நிறுத்தி வீடியோவைப் போட்டுவிட்டேன். அப்படி வீடியோ எடுத்து யூடியூபில் போடுவது எனக்கு ஒரு கிறுக்கு. மூவாயிரம் பேர் பார்க்கிறார்கள், சும்மாவா?

முதலில் மின்மதி. பிளாஸ்டிக் உடம்பு, கையில் எடுத்தால் காலி டப்பா கனம்தான். மூடி இரண்டு சுற்றிலேயே கழன்று கையோடு வந்தது. இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டேன், முன்கண்ணாடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம். அடுத்தது டார்கோ. அலுமினிய உடம்பு, ஐந்து சுற்று மரை, விழுந்தும் அசையவில்லை. ஆனால் சுவிட்சுக்கு மேல் ரப்பர் உறை கிடையாது. வாளித் தண்ணீரில் முக்கியதும் சுவிட்ச் ஓரத்திலிருந்து குமிழ் குமிழாக வந்தது. "தண்ணி போற எடத்துல தூசியும் போகும்" என்று வீடியோவைப் பார்த்துச் சொன்னேன். கடைசியில் கோட்டை. தடித்த உடம்பு. ஏழு சுற்று மரை. இரண்டு ரப்பர் வளையம், சுவிட்சுக்கு உறை. ஒரு மணி நேரம் வாளிக்குள் கிடந்து எரிந்தது. மாடிப்படியிலிருந்து உருட்டியும் எரிந்தது.

"இதுல பாருங்க இன்னொரு விசேஷம்" என்று சொல்லி, கடை ஷட்டரில் அதை ஒட்டிக் காட்டினேன். பின்மூடிக்குள் காந்தம். சப்பென்று தகரத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டது.

ஊர்க்காவலன் அண்ணன் வாயைப் பிளந்தார். "அடடே, ரெண்டு கையும் சும்மா இருக்குமே!"

"ஒரே ஒரு கொறைதான். உள்ள ஸ்பிரிங் கொஞ்சம் தொய்வு. சில நேரம் எரியாது. பின்மூடியைத் தரையில ரெண்டு தட்டுத் தட்டுனா சரியாயிரும்" என்றேன். அதையும் தட்டிக் காட்டினேன். டொக், டொக். எரிந்தது. முப்பதும் விற்றுப்போனது. வீடியோவுக்கு ஒரே நாளில் கூட்டம் கூட்டமாக ஆள் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். நான்கு நாளாக வெயிலே இல்லை. வானம் மூடிக்கொண்டு, மழையும் பெய்யாமல் வெளுக்கவும் செய்யாமல் நின்றது. காலை பதினொரு மணிக்குக் கடைக்குள் பல்பு போட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். பெத்தணன் மாமா வந்தார். அவரும் அதே கம்பெனி, கம்பி மத்தாப்பு செட்டில் வேலை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு விருதுநகருக்குப் புறப்பட்டவர், வழியில் இறங்கியிருந்தார்.

"தாயி, நேத்து சாயங்காலம் போர்மேன் குடுத்துவிட்டாரு. இந்த மூடி கழலவே மாட்டேங்குது. என்னன்னு பாரு" என்று ஒரு கோட்டை டார்ச்சை நீட்டினார்.

வாங்கித் திருப்பினேன். அதன் பின்பக்கம் தாடி முளைத்திருந்தது. கறுப்பாக, விறைப்பாக, ஒரு விரற்கடை நீளத்துக்கு. தொட்டதும் தெரிந்துவிட்டது. இரும்புத் தூள். மத்தாப்புக் கம்பியில் பூப்பூவாகப் பொரிகிற தூள். அவர்கள் செட்டில் தரையெல்லாம் கிடக்கும். காந்தம் விட்டுவைக்குமா? மொத்தத்தையும் இழுத்து வைத்திருந்தது.

அதுகூடப் பரவாயில்லை என்று இடுக்கியால் மூடியைத் திருகினேன். மரைக்குள் சாம்பல் நிறத்தில் வேறொரு பொடி அடைத்திருந்தது. விரலில் தேய்த்தால் மினுங்கியது. அந்த மினுமினுப்பை எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் என் வீட்டுக்காரர் காதோரத்திலும் சட்டைக் காலரிலும் நான் துடைக்கிற மினுமினுப்பு அது. மருந்து அறைக்கு மட்டுமே போகிற அலுமினியப் பவுடர்.

"மாமா, இது உங்க செட்டுலதான இருந்துச்சு?"

"ஒரே செட்டுல எப்படி இருக்கும்? காலைல கேட்டுப் பக்கத்துல கூடை இருக்கும். அவுகவுக கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கிடுவோம். சாயங்காலம் திரும்பக் கூடையில போட்டுருவோம். முந்தாநா இது அன்பரசன் கையிலதான் இருந்துச்சு."

"மருந்து ரூமுக்குள்ள டார்ச்சா? அங்கன எதுக்கு டார்ச்?"

"வானம் மோடம் போட்டு இருட்டிக் கெடக்குல்ல தாயி. சல்லடையே தெரியலையாம். ஆர்டர் நிக்கக் கூடாதுன்னு போர்மேன்தான் குடுத்தாரு. கதவுத் தகரத்துல ஒட்டவச்சுட்டு சலிக்கிறான். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் மூச்சுவிடவில்லை. மருந்து அறையில் கரண்டி பித்தளை, பெட்டி மரம், சல்லடைச் சட்டமும் மரம். இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்பதால் ஒரு ஊக்குகூட உள்ளே போகக் கூடாது. அங்கே இரும்புத் தூளை நானே ஒரு டார்ச்சின் வாலில் கட்டி அனுப்பிவைத்திருக்கிறேன். தட்டினால் எரியும் என்று பாடமும் எடுத்திருக்கிறேன். தட்டினால் அந்தத் தாடி எங்கே உதிரும்? பாவி, பாவி என்று என்னையே வைதுகொண்டேன்.

போன் போட்டு என்ன செய்ய? கம்பெனிக்குள் போன் கூடாது. எல்லோர் போனும் அணைத்து கேட் மரப்பெட்டியில் கிடக்கும். போர்மேன் போனும் அதில்தான். "கடையைப் பாத்துக்கிடுங்க மாமா" என்று ஸ்கூட்டியை எடுத்தேன். நான்கு கிலோமீட்டர். எங்கள் ஊரில் வானத்தைப் பார்க்கிறவர்கள் மழைக்காகப் பார்ப்பது குறைவு. ஏதாவது ஒரு மூலையில் புகை எழும்புகிறதா என்றுதான் பார்ப்போம். வழி நெடுக நான் பார்த்துக்கொண்டே போனேன். மேகமும் புகையும் ஒரே நிறத்தில் இருந்தன.

கேட்டில் வாட்ச்மேன் காளீஸ்வரன் மறித்தார்.

"பாலியஸ்டர் சேலையோட உள்ள விடமாட்டேன் பானு. ரூல்ஸ் ஒனக்குத் தெரியாததா?"

"என் சேலையைப் பாக்குறீகளே, மருந்து ரூமுக்குள்ள காந்தத்தை விட்டீகளே, அது எந்த ரூல்ஸு?" என்று எகிறினேன். கையிலிருந்த டார்ச்சின் தாடியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் முகம் செத்துப்போனது. பெண்கள் உடை மாற்றும் அறையிலிருந்து ஒரு பருத்தி நைட்டியை எடுத்துவந்து கொடுத்தார். மாட்டிக்கொண்டு, செருப்பையும் போனையும் அந்தத் தாடி டார்ச்சையும் அங்கேயே விட்டுவிட்டு, வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டை இரண்டு உள்ளங்கையாலும் தொட்டேன். உடம்பில் இருக்கிற கரண்ட் எல்லாம் மண்ணுக்குள் இறங்கட்டும் என்று வைத்திருக்கிற தகடு அது.

அங்கிருந்து மருந்து அறைக்கு ஐம்பது எட்டு வைக்கிற தூரம் இருக்கும். ஓடக் கூடாது. கத்தக் கூடாது. பட்டாசுக் கம்பெனியில் சேருகிற முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதுதான். கத்தினால் உள்ளே இருக்கிறவர் திடுக்கிட்டுக் கையில் இருப்பதைப் போட்டுவிடுவார். வாய்க்காரி நான், வாயை மூடிக்கொண்டு, வேண்டாத வீட்டு விருந்துக்குப் போகிறவள் கணக்காக மெதுவாக நடந்தேன். அந்த ஐம்பது எட்டைப் போல ஒரு தூரத்தை நான் நடந்ததே இல்லை. இருபதாவது எட்டில் அறைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

டொக்.

முதல் தட்டு. நான் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். மாரியாத்தா, மாரியாத்தா என்று உதடு மட்டும் அசைந்தது.

டொக்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அறை வாசலில் வெள்ளையாக வெளிச்சம் விழுந்திருந்தது. என் வீட்டுக்காரர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏய் பானு, நீ எங்க இங்கன? நீ சொன்ன மாதிரிதான் தட்டுனேன். ரப்பர் விரிப்புல தட்டுனா எரியலை. படிக்கல்லுல தட்டவும் எரிஞ்சிருச்சு."

நான் கிட்டே போய் அந்த டார்ச்சை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினேன். பின்பக்கம் அதே கறுப்புத் தாடி. தாடியின் நுனியெல்லாம் மருந்து. படிக்கல்லில் இரண்டு சிட்டிகை இரும்புத் தூள் உதிர்ந்து, மினுங்குகிற பொடியோடு கலந்து கிடந்தது. ஒரு பொறி தெறித்திருந்தால் போதும். அவர் கையைப் பிடித்து அறைக்கு வெகுதூரம் கூட்டிவந்து, வேப்ப மரத்தடிக்கு வந்த பிறகுதான் முதுகில் ரெண்டு போடு போட்டேன். பிறகு அவர் தோளிலேயே சாய்ந்து அழுதேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"நீ வைவேன்னுதான்" என்றார்.

தாடியைக் காட்டியதும் ஊர்க்காவலன் வேலையை நிறுத்தினார். ஆட்களை ஒவ்வொருவராக வெளியே வரவைத்து டார்ச்சுகளை வாங்கினார். என்னிடம் இருந்ததோடு சேர்த்து முப்பதும் வந்துவிட்டன. பதினேழில் தாடி இருந்தது. "அதான் ஒண்ணும் ஆகலைல்ல, விடு பானு" என்றார் ஊர்க்காவலன். நான் பார்த்த பார்வையில் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கேட்டுக்கு வெளியே வந்து போனை வாங்கி அந்த வீடியோவைத் திறந்தேன். முதல் வேலையாக அதை அழித்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. பதினோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அடியில் புதிதாக ஒரு கமெண்ட். பிரீத்திகா என்று ஒரு பெண். அன்று காலை ஐந்தே முக்காலுக்கு எழுதியிருந்தாள்.

"அக்கா, நீங்க சொன்னதால எங்க கம்பெனியிலயும் கோட்டை டார்ச் நாப்பது வாங்கிட்டாக. மருந்து ரூம்ல நாந்தான் வச்சிருக்கேன். கதவுல ஒட்டவச்சா ரெண்டு கையும் ஃப்ரீ. எரியலைன்னா ரெண்டு தட்டு. சூப்பர்க்கா."

"உடனே வெளிய வாம்மா, அந்த டார்ச்சைத் தொடாத, எந்தக் கம்பெனின்னு சொல்லு" என்று அடித்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அவள் போன் எங்கோ ஒரு கேட்டில், ஒரு மரப்பெட்டிக்குள் அணைந்து கிடக்கும். சாயங்காலம்தான் கையில் கொடுப்பார்கள்.

"எந்தக் கம்பெனியாம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"தெரியலையே."

ஆனைக்குட்டம் பக்கமா, வெம்பக்கோட்டைப் பக்கமா, எத்தனை நூறு கம்பெனி. மணி இன்னும் பன்னிரண்டுகூட ஆகவில்லை. காளீஸ்வரனும் அவரும் நானும் கேட்டு முன்னால் நின்று, ஆளுக்கொரு திசையாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.